தீங்கு செய்தவருக்கு உறுத்தாதா?

மனிதர்கள் ஏன் ஒருவருக்கொருவர் தீங்கு செய்கிறார்கள், அது பிறவிக் குணமா வளர்ப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், "எனக்கு இவ்வளவு செய்துவிட்டு அவரால் எப்படி நிம்மதியாகத் தூங்க முடிகிறது?" என்றும் சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் உண்மையான கேள்வி அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. செய்தது தீமை என்று அவருக்குத் தெரியுமா, தெரிந்தும் உறுத்தவில்லையா என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள நினைக்கிறீர்கள். அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன். பிறவியா வளர்ப்பா என்பதற்கும் போகிற வழியில் வருகிறேன்.

நான் மருத்துவ உளவியல் படித்தவன். 19 ஆண்டுகள் சிறைக் கைதிகளோடு உட்கார்ந்து பேசுவதே என் வேலையாக இருந்தது. கொலை, கொள்ளை, மோசடி, மனைவியையோ பிள்ளையையோ அடித்து நொறுக்கியது என்று எல்லா வகைக் குற்றங்களும் அதில் உண்டு. கடந்த 7 ஆண்டுகளாக எதிர்ப்பக்கம் இருக்கிறேன், தீங்குக்கு ஆளானவர்களோடு பேசுகிறேன். இரண்டு பக்கத்தையும் கேட்டவன் என்பதுதான் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குள்ள தகுதி. உங்களுக்குத் தீங்கு செய்தவரை நான் பார்த்ததில்லை. அவர் இப்படிப்பட்டவர்தான் என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது, சொல்லவும் கூடாது.

சிறையில் முதல்முறை ஒருவரோடு உட்காரும்போது, "என்ன நடந்தது, நீங்களே சொல்லுங்கள்" என்றுதான் ஆரம்பிப்பேன். "நான் இன்னாரை இன்னது செய்தேன்" என்று தொடங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற எல்லாரும் தங்களுக்கு நடந்ததில் இருந்துதான் தொடங்கினார்கள். அவன் நாலு பேர் முன்னால் திட்டினான், அவள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, முதலாளி சம்பளத்தைப் பிடித்தான், அண்ணன் பங்கை ஏமாற்றினான். கதை பாதி தாண்டிய பிறகுதான் செத்துப்போனவரோ அடிபட்டவரோ உள்ளே வருவார். அவர் வருகிற இடத்தில் வினைச்சொல் மாறிவிடும். இதைக் கவனிக்கத் தொடங்கவே எனக்குச் சில வருடங்கள் ஆயின. தமிழில் "உடைத்தேன்" என்றும் சொல்லலாம், "உடைந்துவிட்டது" என்றும் சொல்லலாம். இரண்டாவதில் உடைத்தவர் காணாமல் போய்விடுகிறார். "கத்தி பட்டுடுச்சு." "ஒரு அடி விழுந்துடுச்சு." "கோபத்துல நடந்துடுச்சு." பணத்தைக் கையாடிவிட்டு வந்தவர்களில் ஒருவர்கூட என்னிடம் "திருடினேன்" என்று சொன்னதில்லை. "அவசரத்துக்குப் புரட்டினேன், திருப்பி வைக்கத்தான் இருந்தேன்" என்பார்கள். இவர்கள் என்னை ஏமாற்றப் பொய் சொல்கிறார்கள் என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தேன். சிலர் பொய்தான் சொன்னார்கள். பெரும்பாலானவர்கள் நம்பித்தான் சொன்னார்கள். என்னிடம் வருவதற்கு முன்பே அந்தக் கதையைத் தங்களுக்குள் நூறு தடவை சொல்லி முடித்திருந்தார்கள்.

இதை ஆய்வாகவும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1990-ல் ராய் பாமைஸ்டர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவரது குழுவினரும், சாதாரண ஆட்களிடம் இரண்டு சம்பவங்களை எழுதச் சொன்னார்கள். யாரோ ஒருவர் உங்களைக் கடும் கோபப்படுத்தியது ஒன்று, நீங்கள் யாரையோ அப்படிக் கோபப்படுத்தியது ஒன்று. இரண்டையும் எழுதியவர் ஒரே ஆள்தான். ஆனாலும் இரண்டு கதைகளின் போக்கும் வேறாக இருந்தது. தான் செய்ததை எழுதும்போது அதற்கு ஒரு காரணம் இருந்தது, அது அன்றைக்கு நடந்தது, அன்றோடு முடிந்துபோனது. தனக்குச் செய்யப்பட்டதை எழுதும்போது அது நெடுநாளாக நடந்துவந்தது, ஏன் செய்தார் என்றே புரியவில்லை, இன்னும் வலிக்கிறது. 1997-ல் இதன் தொடர்ச்சியாக இன்னொரு ஆய்வு நடந்தது. எல்லாருக்கும் ஒரே கதையைக் கொடுத்து, சிலரைச் செய்தவராகவும் சிலரைப் பட்டவராகவும் தங்களை நினைத்துக்கொண்டு திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். இரு தரப்பும் மூலக் கதையை ஏறக்குறைய ஒரே அளவுக்கு மாற்றின. இந்த முடிவைப் பாதிக்கப்பட்டவர்களிடம் சொன்னால் கோபம் வரும், வருவது நியாயம்தான். இந்த ஆய்வுகள் அன்றாட உரசல்களைப் பற்றியவை. அங்கே கண்ட சமநிலையைக் கொலைக்கும் வன்கொடுமைக்கும் அப்படியே நீட்டக்கூடாது. அதிலிருந்து நான் உறுதியாக எடுத்துக்கொள்வது "முடிந்துபோனது" என்ற ஒரு சொல்லைத்தான். உங்களுக்கு அது தினமும் நடக்கிறது. அவருக்கு அது என்றோ ஒருநாள் சமாசாரம். அவர் தூங்குவதற்குப் பெரும்பாலான நேரம் இதுவே போதும்.

இதன் வேர் உடம்பு வரைக்கும் போகிறது. 2003-ல் லண்டனில் ஓர் எளிய சோதனை செய்தார்கள். இரண்டு பேர், ஒரு கருவியின் வழியே மாறி மாறி ஒருவர் விரலை மற்றவர் அழுத்த வேண்டும். "உங்களுக்கு வந்த அதே அழுத்தத்தைத் திருப்பிக் கொடுங்கள்" என்று இருவருக்கும் சொல்லியிருந்தார்கள். மற்றவருக்கு என்ன சொல்லப்பட்டது என்பது இருவருக்கும் தெரியாது. முறைக்கு முறை அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. இருவருமே தான் சரியாகத் திருப்பிக் கொடுத்ததாகவும், எதிராளிதான் கூட்டியதாகவும் நினைத்தார்கள். நாமே உண்டாக்கும் விசையை மூளை குறைத்துத்தான் உணர்கிறது. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாததற்கும் இதுதான் காரணம். விரல் அழுத்தத்தில் இருந்து பகைக்கும் பழிவாங்கலுக்கும் நேராகத் தாவக்கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொண்ட இரண்டு குடும்பங்களின் ஆட்களிடம் தனித்தனியாகப் பேசியபோது, "நாங்க திருப்பித்தான் கொடுத்தோம்" என்று இரு பக்கமும் ஒரே குரலில் சொன்னதைக் கேட்டவன் நான். இந்தச் சோதனை அப்போது நினைவுக்கு வராமல் இல்லை.

சரி, திருப்பிக் கொடுக்கும் அளவுக்கு எதை வாங்கியதாக நினைக்கிறார்கள்? என் அனுபவத்தில், வன்முறைக் குற்றங்களில் பணத்தையும் ஆசையையும் விட அதிகம் காதில் விழுந்தது ஒரே வாக்கியம். "என்னை ஒரு ஆளாகவே மதிக்கல." வெளியில் இருந்து பார்த்தால் அற்பமாகத் தெரியும் ஒரு சிரிப்பு, ஒரு பார்வை, ஒரு பதில். உள்ளே அது உயிர் போகும் அவமானமாக இருந்திருக்கிறது. சிறைகளில் நெடுநாள் வேலை செய்த வேறு பலரும் இதையே சொல்லியிருக்கிறார்கள். தன்னம்பிக்கை இல்லாதவன்தான் முரடன் ஆகிறான் என்று முன்பு எங்களுக்குப் பாடமாகவே சொல்லித்தந்தார்கள். அது பெரும்பாலும் பொருந்தவில்லை. தன்னைப் பற்றி உயரமாக நினைத்துக்கொண்டு, அந்த உயரத்தை ஊர் ஒப்புக்கொள்ளாதபோது வெடிப்பவர்களையே நான் கூடுதலாகப் பார்த்தேன். ஆனாலும் அவமானம் மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. உலகத்தில் அவமானப்பட்டவர்கள் எண்ணிக்கையில் அடங்காதவர்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் யார் மேலும் கை வைப்பதில்லை. கூடவே குடி, கைக்கு எட்டும் ஆயுதம், ஏற்றிவிடும் நண்பர்கள், அடித்தால்தான் ஆண் என்ற வளர்ப்பு இவையும் சேர வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்னது தனி மனிதரைப் பற்றி. கூட்டமாகச் செய்யும் தீமை இன்னும் பெரியது, அங்கேயும் இந்தக் கதைதான் வேலை செய்கிறது. 1961-ல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பக்கத்து அறையில் இருப்பவர் தவறான பதில் சொல்லும்போதெல்லாம், கலந்துகொள்பவர் அவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்க வேண்டும். 15 வோல்ட்டில் தொடங்கி 450 வரை 30 விசைகள். அதிர்ச்சி உண்மையானதல்ல, ஆனால் கொடுப்பவரிடம் உண்மை என்றே சொல்லப்பட்டிருந்தது. முதலில் வெளியான ஆய்வில் 40 பேரில் 26 பேர் கடைசி விசை வரை போனார்கள். மனிதன் மேலிடத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு கீழ்ப்படிவான் என்பதற்கு இதை உதாரணம் காட்டுவது வழக்கம். எனக்கு அந்த முடிவில் முழுச் சம்மதம் இல்லை. கலந்துகொண்டவர்களில் பலர் வியர்த்து நடுங்கினார்கள், நகத்தால் தங்கள் சதையையே அழுத்திக்கொண்டார்கள். அவர்களுக்கு உறுத்தியது, உறுத்தியும் தொடர்ந்தார்கள். 2009-ல் ஜெரி பர்கர் இதை 150 வோல்ட்டோடு நிறுத்திக்கொண்டு மறுபடி செய்தபோது இன்னொன்று தெரிந்தது. "சோதனைக்கு நீங்கள் தொடர்வது அவசியம்" என்று சொன்னபோது பலர் தொடர்ந்தார்கள். "உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும்" என்ற கடைசிக் கட்டளை வரை போனவர்களில் ஒருவர்கூட அதற்குப் பிறகு தொடரவில்லை. வெறும் கட்டளை அவர்களை நகர்த்தவில்லை, அறிவியலுக்கு உதவுகிறோம் என்ற எண்ணம்தான் நகர்த்தியது என்று இதைப் படிக்கிறார்கள் சிலர். மில்கிராமின் ஆட்களில் சிலர் அதிர்ச்சி போலி என்று சந்தேகப்பட்டதாகவும் பின்னால் தெரியவந்தது. அதனால் 26 என்ற எண்ணைப் பெரிதாகத் தூக்கிப் பிடிக்க மாட்டேன். 15 வோல்ட்டில் தொடங்கியவருக்கு 30 பெரிதாகத் தெரியாது, 30 கொடுத்தவருக்கு 45 பெரிதாகத் தெரியாது என்பதை மட்டும் என் கைதிகள் ஒவ்வொருவரிடமும் பார்த்தேன். நான் பார்த்தவரை, மனைவியைக் கொன்றவர் கொலையில் தொடங்குவதில்லை. கதவைப் பூட்டுவதிலோ கைபேசியைப் பிடுங்குவதிலோதான் தொடங்கியிருப்பார்.

சோதனைக்கூடத்தை விட வரலாறு தெளிவாகப் பேசுகிறது. 1942 ஜூலை 13 அன்று போலந்தின் யூசெஃபுவ் என்ற சிற்றூருக்கு ஜெர்மனியின் ரிசர்வ் போலீஸ் பட்டாலியன் 101 என்ற காவல் படை அனுப்பப்பட்டது. ஏறக்குறைய 500 பேர். பெரும்பாலும் நடுவயதுக் குடும்பஸ்தர்கள், பலர் ஹாம்பர்க் நகரத்துத் தொழிலாளிகள். அங்குள்ள யூதர்களைச் சுட வேண்டும் என்று சொன்ன தளபதி ட்ராப், தன்னால் முடியாது என்று நினைக்கும் வயதானவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அந்த இடத்தில் விலகியவர்கள் பன்னிரண்டு பேர் அளவில்தான். அன்று சுமார் 1,500 பேர் கொல்லப்பட்டார்கள், அவர்களில் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் உண்டு. விலகியவர்கள் யாரும் கொடுமையாகத் தண்டிக்கப்படவில்லை. பல வருடம் கழித்து நடந்த விசாரணையில் ஒருவர் சொன்னதை என்னால் மறக்க முடிந்ததில்லை. தான் குழந்தைகளை மட்டுமே சுட்டதாகச் சொன்னார். பக்கத்தில் நின்றவர் தாயைச் சுட்டுவிட்ட பிறகு, தாயில்லாமல் அந்தக் குழந்தை எப்படியும் வாழப் போவதில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாராம். குழந்தையை விடுவிப்பதுபோல அது மனசுக்கு ஆறுதலாக இருந்ததாம். ஒரு குழந்தையைச் சுடும்போதுகூட மனித மனத்துக்கு ஒரு நல்ல காரணம் தேவைப்படுகிறது, தேடினால் அது கிடைத்தும் விடுகிறது. என் வாழ்க்கையில் நான் தெரிந்துகொண்டவற்றில் மிகவும் பயப்படவைப்பது இதுதான்.

அந்தக் காரணத்தை முன்கூட்டியே சமைத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். 1994-ல் ருவாண்டாவில் சுமார் 100 நாட்களில் லட்சக்கணக்கான துட்சி மக்கள் கொல்லப்படுவதற்கு முன்பும் நடுவிலும், வானொலியில் அவர்களைக் கரப்பான்பூச்சிகள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பூச்சி என்று பெயர் வைத்துவிட்டால் நசுக்குவது சுத்தம் செய்யும் வேலையாகிவிடுகிறது. இதே வேலையைச் சிறிய அளவில் வீட்டிலும் செய்கிறார்கள். மனைவியை அடித்தவர்களில் பலர் என்னோடு பேசிய மணிக்கணக்கான நேரத்தில் அவள் பெயரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. "அது", "அந்தச் சனியன்" என்றுதான் சொன்னார்கள்.

பிறவியா வளர்ப்பா என்பதற்கு வருகிறேன். ரிச்சர்ட் ட்ரெம்ப்ளே என்ற கனடா நாட்டு ஆய்வாளர் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்தார். அடிப்பது, கடிப்பது, தள்ளுவது எல்லாம் உச்சத்தில் இருப்பது இளைஞர்களிடம் அல்ல, இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளிடம். அப்புறம் பெரும்பாலோரிடம் அது வருடா வருடம் குறைகிறது. ஆக, அடிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அடிக்காமல் இருக்கத்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. மறுபக்கம், ஆறு மாதக் குழந்தைகளே உதவுகிற பொம்மையைத் தேர்ந்தெடுக்கின்றன என்று 2007-ல் ஓர் ஆய்வு வந்து பிரபலமானது. பின்னால் பல ஆய்வகங்கள் சேர்ந்து பெரிய அளவில் திரும்பச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. எனவே "பிறவியிலேயே நல்லவர்கள்" என்பதற்கு அதைச் சான்றாக இப்போது நான் காட்டுவதில்லை. வன்முறைக்கென்று ஒரு மரபணு இருப்பதாக வந்த செய்திகளையும் நம்பிவிடாதீர்கள். பல மரபணுக்கள் சிறிது சிறிதாகப் பங்கு வகிக்கலாம் என்பதற்கு மேல் உறுதியாக ஒன்றும் இல்லை.

வளர்ப்பைப் பற்றி ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் அடிபட்டவன் பெரியவனானதும் அடிப்பான் என்ற பேச்சு நிறையப் பேரை வதைக்கிறது. அமெரிக்காவில் கேத்தி ஸ்பாட்ஸ் விடோம் 1989-ல் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானவர்களில் 26 சதவீதம் பேர் வயது வரும் முன்பே ஏதோவொரு குற்றத்துக்குக் கைதாகியிருந்தார்கள். அப்படி ஆளாகாத, மற்றபடி ஒத்த சூழலில் வளர்ந்தவர்களில் இது 17 சதவீதம். வித்தியாசம் உண்மையானது. ஆனால் அந்த 26-க்கு வெளியே 74 இருக்கிறது. என் பிள்ளையையும் நான் இப்படித்தான் செய்துவிடுவேனோ என்று பயந்து கல்யாணமே வேண்டாம் என்றிருந்த ஒரு பெண்ணுக்கு இந்த எண்ணைத்தான் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்.

நீங்கள் எதிர்பார்த்த பதில் ஒருவேளை வேறாக இருக்கலாம். சிலருக்கு உண்மையிலேயே எதுவும் உறுத்தாது, அவர்கள் வேறு பிறவி என்ற பதில். அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள், மறைக்க மாட்டேன். பிறர் முகத்தில் தெரியும் பயமும் வேதனையும் இவர்களுக்குள் எதையும் அசைப்பதில்லை. உளவியலில் இவர்களைச் சைக்கோபாத் என்பார்கள். இதை அளக்க ராபர்ட் ஹேர் உருவாக்கிய பட்டியலில் 20 அம்சங்கள், மொத்தம் 40 மதிப்பெண். 30 அல்லது அதற்கு மேல் வாங்குபவர்களைத்தான் வழக்கமாக அந்த வகையில் சேர்ப்பார்கள். பொதுமக்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் இருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு, சிறையில் அதைவிடப் பல மடங்கு. அவர்களோடு பேசியிருக்கிறேன். அவர்களிடம் நான் மேலே சொன்ன கதை எதுவும் இருக்காது, அதற்கான தேவையே அவர்களுக்கு இல்லை. "எனக்கு வேணும்னு இருந்தது, எடுத்துக்கிட்டேன்" என்பார்கள். அடுத்தவர் வலியில் இன்பம் காணும் ஆட்களையும் பார்த்திருக்கிறேன், மிகச் சிலர். இந்தப் பெயரை யாரும் தன்னைக் காயப்படுத்தியவர் மேல் அவசரமாக ஒட்டிவிடக் கூடாது. நேரில் பல மணி நேரம் பேசி, பழைய பதிவுகளையும் பார்த்த பிறகுதான் பயிற்சி பெற்றவர்களே அந்த முடிவுக்கு வருகிறார்கள். மனநோய் வேறு விஷயம். உலகில் நடக்கும் வன்முறையில் மிகப் பெரும் பகுதி மனநோய் இல்லாதவர்கள் செய்வது.

இன்னொரு பிரபலமான சோதனையையும் யாராவது உங்களுக்குச் சொல்லக்கூடும். 1971-ல் ஸ்டான்ஃபோர்டில் மாணவர்களைக் காவலர், கைதி என்று பிரித்து நடத்தியது, இரண்டு வாரம் திட்டமிட்டு ஆறு நாளில் நிறுத்தியது. சீருடை போட்டால் யாரும் கொடூரமாகிவிடுவார்கள் என்பதற்கு அதைக் காட்டுவார்கள். காவலர்களாக நடித்தவர்களுக்குக் கடுமையாக இருக்கச் சொல்லிக்கொடுத்ததற்கான பதிவுகள் பின்னால் வெளிவந்தன. நான் அதை வகுப்பில் சொல்வதை நிறுத்திவிட்டேன். யாரும் எதையும் செய்துவிடுவார்கள் என்பது உண்மையல்ல. யூசெஃபுவில் விலகிய அந்தப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். 1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படையினர் ஊர் மக்களைச் சுட்டுக்கொண்டிருந்தபோது, ஹியூ தாம்ப்சன் என்ற 24 வயது ஹெலிகாப்டர் விமானி தன் வண்டியைப் படையினருக்கும் தப்பி ஓடியவர்களுக்கும் நடுவில் இறக்கினார். இவர்கள் சுட்டால் திருப்பிச் சுடுங்கள் என்று தன் ஆட்களிடம் சொன்னார். அவருக்கும் அதே சீருடைதான், அதே போர்தான். அதனால்தான், செய்தவரின் கதை எவ்வளவு புரிந்தாலும், செய்தது அவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை.

அவர் எப்படித் தூங்குகிறார் என்றால், பெரும்பாலும் ஒரு கதையின் மேல் தலைவைத்துத் தூங்குகிறார். அதில் நீங்கள் சிறிதாகவும் அவர் பட்ட அவமானம் பெரிதாகவும் இருக்கும். அந்தக் கதை என்றாவது உடையுமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சிலருக்கு உடைகிறது, பலருக்கு உடைவதில்லை. எதிரில் இருப்பவர் கெஞ்சியோ விளக்கியோ அதை உடைத்ததை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன், அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம். மன்னிப்பு என்று ஏதாவது அவரிடமிருந்து வந்தால், அதன் வினைச்சொல்லை மட்டும் கவனியுங்கள்.

தம்பியைக் கொன்றுவிட்டு வந்த ஒருவரோடு பல வருடம் பேசினேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். ஒவ்வொரு முறையும் "சண்டையில கத்தி பட்டுடுச்சு" என்பார். நன்றாகச் சாப்பிடுவார், படுத்ததும் தூங்கிவிடுவார். ஆறாவது வருடம் ஒருநாள், சம்பந்தமே இல்லாமல், தம்பிக்கு மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்வாராம், விட்டுவிடாதே அண்ணா என்று தம்பி கத்துவானாம். அங்கே நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து, "நான்தான் அவனைக் குத்தினேன்" என்றார். அதற்குப் பிறகு அன்று வேறெதுவும் பேசவில்லை. அந்த வாரம் முழுவதும் அவர் தூங்கவில்லை என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். தூக்க மாத்திரை எழுதித் தரவா என்று மருத்துவர் கேட்டதற்கு, வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.